ஆட்டுக்கு இல்லாத கொழுப்பு

'உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி' என்று கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் லேப் ரிப்போர்ட்டும் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டது. கொலஸ்ட்ரால் 248! 200-க்குள் இருந்தால்தான் நல்லதாம்.

பழியை ஞாயிற்றுக்கிழமை மட்டன் மேல் போட்டேன். கால்நடை டாக்டரான என் நண்பன் விடவில்லை.

"ஆட்டைத் திட்டாதேடா. செம்மறி ஆட்டு ரத்தத்துல 50-லேர்ந்து 80-க்குள்ளதான் இருக்கும். உன்னோடதுல மூணுல ஒரு பங்குகூட இல்லை!"

"அதெப்படி?"

நான் பி.காம். என்பதால் கணக்குப் பாஷையில் சொன்னான். கொழுப்பு ரத்தத்தில் தனியாகக் கரையாது; புரதத்தோடு சேர்ந்து பொட்டலமாகத்தான் போகும். எல்.டி.எல். என்பது டெலிவரி பையன். வாங்க ஆளில்லாவிட்டால் சரக்கை ரத்தக் குழாய்ச் சுவரிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவான். ஹெச்.டி.எல். வசூல் பையன். மிச்சத்தை லிவருக்குத் திருப்பிக் கொண்டு வருவான். நமக்கு டெலிவரி பையன்கள் ஜாஸ்தி. வளர்ந்த ஆட்டுக்கு வசூல் பையன்கள் ஜாஸ்தி!

"குட்டியிலேயே அப்படித்தானா?"

"பிறக்கும்போது கம்மி. பால் குடிக்க ஆரம்பிச்சதும் விறுவிறுன்னு ஏறும். செம்மறிப் பால்ல பசும்பாலைவிடக் கொழுப்பு அதிகம். பால் மறந்து புல்லுக்கு மாறினதும் இறங்கிடும்."

"அப்ப மட்டன்ல தப்பே இல்லை?"

"ஆசையைப் பாரு! புல்லுல இருக்கிற நல்ல கொழுப்பை ஆட்டு வயித்து பாக்டீரியா கெட்டிக் கொழுப்பா மாத்திடும். அது கறியில சேரும். அதை நீ தின்னா, உன் லிவர் எல்.டி.எல்.லைத் திரும்ப இழுக்கிற வேகம் குறையும். நீ உயிரை விடற மூளை வறுவல் இருக்கே, 100 கிராம் மூளையில கொலஸ்ட்ரால் 1,000 மில்லிகிராமுக்கு மேல!"

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஹாலில் அப்பா போட்டோ. 52 வயதில், ஆபீஸ் கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவர் ரத்தத்தை யாரும் டெஸ்ட் பண்ணிப் பார்த்ததில்லை. எனக்கு 34. என் பாலன்ஸ் ஷீட் கையிலேயே இருக்கிறது.

யோசித்தால், நாமும் ஆட்டுக்குட்டி மாதிரி குறைந்த கணக்கோடுதான் பிறக்கிறோம். குட்டி சில மாதத்தில் பால் மறந்துவிடுகிறது. நாம்தான் முப்பது தாண்டியும் பரோட்டா, பஜ்ஜி, நெய் ரோஸ்ட் என்று எதையும் மறக்க மாட்டேன் என்கிறோம். முப்பதைத் தாண்டிய ஆபீஸ் நண்பர்களே, ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

நேற்று ராத்திரி கீரையை ஒரு பிடி பிடித்தேன். "என்ன, ஆடு மாதிரி மேயறீங்க?" என்றாள் மனைவி.

முதல் தடவையாக அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.