கொல்லை யாருடையது?

வீட்டுத் தோட்டத்தைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. மருத்துவர் பாராட்டுகிறார். வேளாண் துறை பாராட்டுகிறது. சாமியார் பாராட்டுகிறார், யூடியூப் அண்ணாச்சி பாராட்டுகிறார், மாமியாரும் பாராட்டுகிறார். இத்தனை பேர் ஒரே குரலில் பெண்ணுக்கு ஒரு வேலையைப் பரிந்துரைத்தால் அந்த வேலையைச் சந்தேகத்தோடு புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

செடி வளர்ப்பதற்கு நான் எதிரி அல்ல. எங்கள் மொட்டை மாடியிலும் கத்தரி காய்க்கிறது, தண்டுக்கீரை துளிர்க்கிறது, பச்சை மிளகாய் வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி கிடைக்கிறது. என் சண்டை "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் நாலு செடி வைக்கலாமே" என்ற வாக்கியத்தோடு. அதில் வரும் 'சும்மா' என்ற சொல்லோடு.

அந்தச் 'சும்மா'வுக்கு இந்திய அரசிடம் ஓர் எண் இருக்கிறது. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவர் செய்யும் வேலைக்கும் ஒரு குறியீட்டு எண் தருகிறார்கள். வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92. அதோடு காய், கிழங்கு, விறகு, மாட்டுத் தீவனம் சேகரித்து, வீட்டுக்காகத் தைக்கவும் நெய்யவும் செய்பவருக்கு 93. இரண்டு எண்காரிகளும் உழைப்பாளர் கணக்கில் வரமாட்டார்கள். தேசிய மாதிரி ஆய்வின் பழைய ஐந்தாண்டுச் சுற்றுகளில், 2011-12 சுற்று உட்பட, இந்தப் பெண்களிடம் தனியாக ஒரு கேள்விப் பட்டியலையும் நீட்டினார்கள். வீட்டுக் காய்கறித் தோட்டம் பராமரிக்கிறீர்களா? கோழி, மாடு உண்டா? வெளியிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறீர்களா? எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்று எழுதிக்கொண்டார்கள். எழுதிய பிறகும் அவர்களை உழைப்பாளர் பட்டியலுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள்.

அதே கத்தரிக்காய் பெரிய மார்க்கெட்டில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கூடைக்கு வந்தால், விளைவித்தவர் விவசாயி, விற்பவர் வியாபாரி. நம் வீட்டுக் கொல்லையில் காய்த்தால் பொழுதுபோக்கு. தேசத்தின் வருமானக் கணக்கே பெண்ணின் உழைப்பை விழுங்கித்தான் எழுதப்படுகிறது என்று நியூசிலாந்தின் மெரிலின் வேரிங் 1988இல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2019இல் இந்தியாவில் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. அந்த ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவழித்தார். ஈடுபட்ட ஆண் 97 நிமிடங்களை. இந்த 97 நிமிடமும் எல்லா ஆண்களுக்குமான சராசரி என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர்.

இந்த 299 நிமிடத்தின் தலையில்தான் தோட்டத்தையும் ஏற்றுகிறார்கள். செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து பை நிரப்ப வேண்டும். புதுச்சேரியின் சித்திரை வெயிலில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோ. மாடிப் படி எத்தனை என்று ஏறுபவளுக்குத் தெரியும். மாவுப்பூச்சி வந்தால் இலை இலையாகத் திருப்பி வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க வேண்டும். கடைசியில் நாலு வெண்டைக்காய் காய்க்கும். கணவர் அதைப் படமெடுத்து "எங்கள் வீட்டுத் தோட்டம்" என்று வாட்ஸப்பில் போடுவார்.

இந்தப் பார்வைக் கோளாறு அரசாங்கத்துக்கு மட்டும் வந்ததல்ல. தமிழ் கற்பிப்பவளாகச் சொல்கிறேன், நம் வகுப்பறைகளிலும் அது இருக்கிறது. குறிஞ்சிப் பாடல்களில் பெண்கள் தினைப்புனம் காக்கிறார்கள். பரண் மேல் ஏறி, தட்டையும் குளிரும் தட்டி ஓசை எழுப்பி, கவண் எறிந்து, கிளிகளை விரட்டுகிறார்கள். ஓர் ஊரின் ஓராண்டுச் சோறு அவர்கள் தொண்டையிலும் தோளிலும் நிற்கிறது. நாம் அதை எப்படி நடத்துகிறோம்? தலைவன் வந்து சந்திக்க வசதியான இடம் என்று. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எல்லாம் கேள்வித்தாளில் வரும். அந்தக் காவலுக்குக் கூலி யார் கொடுத்தார்கள், விளைந்த தினை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எந்தப் பருவத் தேர்விலும் வந்ததில்லை.

1908 முதல் பத்தாண்டுகள் எங்கள் ஊரில் அடைக்கலம் இருந்த பாரதியும் பராசக்தியிடம் காணி நிலம் கேட்டார். மாளிகை, கிணறு, பத்துப் பன்னிரண்டு தென்னை, நிலவொளி, குயிலோசை என்று பட்டியல் போகிறது. அதே பட்டியலில் ஒரு பத்தினிப் பெண்ணும் வருகிறாள். பெண் விடுதலையை அத்தனை உரக்கப் பாடிய கவிஞரின் கனவிலும் நிலம் கேட்பவன் ஆண். பெண், அந்த நிலத்தோடு வந்து சேரும் பேறுகளில் ஒன்று. தென்னைக்கு நீர் இறைப்பது யார் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. நாம் சொல்வோம்.

சரி, அந்த நிலம் எங்கே இருக்கிறது? புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதி வீடுகளின் அமைப்பைப் பாருங்கள். முன்னால் திண்ணை, பிறகு தாழ்வாரம், முற்றம், கடைசியில் கொல்லை. திண்ணை ஆண்களின் அரசியலுக்கு. கொல்லை பெண்களின் கிணற்றடிக்கும் அம்மிக்கும் முருங்கைக்கும் வாழைக்கும். வைசியாள் தெருவில் வீட்டு முகப்புகளைப் புதுப்பித்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் பாராட்டு கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் பாரம்பரியம் என்று நாம் காப்பாற்றக் கற்றது முகப்பை. கொல்லைகளைப் பார்த்தால் பல இடங்களில் வாடகை அறை, விருந்தினர் விடுதி, கார் நிறுத்தம்.

கொல்லையைப் பற்றி ஏங்கி எழுதுவதற்கும் எனக்கு மனமில்லை. அங்கேதான் மாதவிலக்கான பெண்ணை ஒதுக்கி உட்கார வைத்தார்கள். அவள் தொட்டால் கறிவேப்பிலை பட்டுவிடும் என்றார்கள். மற்ற நாட்களில் அதற்குப் புளித்த மோர் ஊற்றி வளர்த்தவளும் அவளே. அந்தக் கொல்லை வாசல் வழியாகத்தான் சாதி தன் மிகக் கொடிய வேலையை ஒடுக்கப்பட்ட பெண்களின் தலையில் ஏற்றி அனுப்பியது. வீட்டுக்காரியின் தோட்டத்தில் மண் கொத்தியவளுக்குக் கிடைத்தது பழைய சோறும் முற்றிப்போன வெண்டையும். ஆகவே தோட்டம் எல்லாப் பெண்களுக்கும் ஒரே பசுமை அல்ல. கொல்லை உள்ளவள், மாடி உள்ளவள், மாடிக் கதவின் சாவியை வீட்டு உரிமையாளர் வைத்திருப்பவள், குப்பத்தில் ஒற்றை அறையில் இருப்பவள் என்று நமக்குள்ளேயே படிகள் உண்டு.

கொல்லை உள்ள வீட்டில் பிறந்தவள் கதையையும் பாருங்கள். 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் பிறப்பால் சம உரிமை என்றானது. ஆனால் பதிவு அலுவலகத்தில் ஒரு தாள் காத்திருக்கிறது. அண்ணன் தம்பிக்குத் தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பெண் கையெழுத்திடும் அந்தத் தாளுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம். நம் மொழியில் பெண்ணின் கையெழுத்தோடு நிறைவேறும் விடுதலை இதுதான் போலிருக்கிறது. "உனக்குத்தான் நகை போட்டோமே, சீர் செய்தோமே" என்பார்கள். "தாய்வீடு வேண்டுமா, பங்கு வேண்டுமா" என்பார்கள். இருபது வருடம் நீர் ஊற்றியவள் கையெழுத்துப் போடுவாள். அதற்குப் பிறகு அந்த முருங்கைக்காய் அவளுக்குப் பையில் போட்டுக் கொடுக்கப்படும் அன்பளிப்பு. முருங்கை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான் என்கிறது பழமொழி. நட்டவள் வெறுங்கையோடுதான் நடக்கிறாள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் வசம் இருப்பவை சுமார் 14 விழுக்காடு. கொல்லையில் நடப்பதுதான் வயலிலும் நடக்கிறது.

நிலத்துக்கு அடுத்தது தண்ணீர். பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபம் ஆயி என்ற தாசியின் பெயரால் நிற்கிறது. விளக்கொளி வீசிய அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்ட விஜயநகர மன்னன், அது தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னான் என்பது கதை. அவள் தானே இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் வந்தபோது, கதையைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன் மண்டபம் எழுப்பச் சொன்னாராம். இன்று அதுவே புதுச்சேரி அரசின் சின்னம். கதையோ வரலாறோ, இந்த ஊரின் நீதி அதில் துல்லியமாக இருக்கிறது. ஆண் கும்பிட்டு ஏமாந்தான், பெண் வீட்டை இழந்தாள், ஊர் தண்ணீர் குடித்தது, அவளுக்கு மண்டபம் கிடைத்தது. பெண்ணின் தியாகத்தைச் சின்னமாக்குவது எளிது. அவளுக்கு ஒரு வீட்டைத் திருப்பித் தருவதுதான் கடினம்.

தியாகத்தின் மேல் அரசுகளுக்குள்ள இந்தப் பிரியம் பழங்கதையோடு முடியவில்லை. 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் என்றார்கள். ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தன. பணத்தைக் கொண்டு சந்தை விலையில் அரிசி வாங்கிச் சமாளிப்பது பெண்ணின் சாமர்த்தியம் ஆனது. இலங்கையில் 2021இல் ரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை விதித்து விளைச்சலைச் சரித்தார்கள். 2022 நெருக்கடியில் வெள்ளிக்கிழமை விடுமுறை தருகிறோம், வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்று அரசு ஊழியர்களிடம் சொன்னார்கள். ஆட்சியாளர் செய்த பிழைக்கு வீட்டு முற்றம் பரிகாரம் செய்ய வேண்டும்! இங்கே "நஞ்சில்லா உணவு" என்று தாய்மார்களைக் குற்றவுணர்வில் தள்ளுபவர்களுக்கும் இதையே சொல்வேன். எண்டோசல்ஃபானை 2011இல் நிறுத்தியது உச்ச நீதிமன்றத்தின் தடை. அதற்குப் பின்னால் காசர்கோட்டு மக்களின் நீண்ட போராட்டம் இருந்தது. மொட்டை மாடியில் பத்துப் பை வைத்து ஒரு பூச்சிக்கொல்லி நிறுவனத்தையும் யாரும் நிறுத்தியதில்லை.

"ஆனால் செடியோடு இருக்கும்போது மனம் அமைதியாகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். ஆகிறது. மறுக்கவே மாட்டேன். எழுதத் தடை செய்யப்பட்ட கறுப்பினப் பெண்களின் படைப்பாற்றல் அவர்களின் பூந்தோட்டங்களில் வெளிப்பட்டதை ஆலிஸ் வாக்கர் 1974இல் எழுதினார். நம் அம்மாக்களின் அவரைப் பந்தலும் அப்படிப்பட்ட எழுத்துதான். எந்த விதையை அடுத்த ஆடிக்கு எடுத்து வைப்பது, சாம்பலில் புரட்டி எந்தக் குடுவையில் போடுவது என்ற அறிவு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராத அறிவு. அந்த மகிழ்ச்சியையும் அறிவையும் மதிப்பதால்தான் கேட்கிறேன். ஆசிரியருக்குக் கற்பிப்பது மகிழ்ச்சி தருகிறது என்று அவர் சம்பளத்தை நிறுத்துவோமா? மகிழ்ச்சியைக் கூலியாகக் கொடுக்கும் பழக்கம் பெண்ணிடம் மட்டும் ஏன்?

தோட்டம் போடுங்கள். போடும்போது கேளுங்கள். பை நிரப்புவது யார், காலைத் தண்ணீர் யார், மாலைத் தண்ணீர் யார் என்று வீட்டில் முறை வையுங்கள். மகனுக்கும் ஒரு வேளை இருக்கட்டும். மானிய விலையில் மாடித் தோட்டத் தளை தரும் அரசிடம், மாடி இல்லாத பெண்களுக்குத் தெருவில், பள்ளியில், அங்கன்வாடியில், கோயில் நிலத்தில் கூட்டுத் தோட்டமும் குழாயும் கேளுங்கள். கணக்கெடுக்க வருபவர் "என்ன வேலை செய்கிறீர்கள்" என்றால் "சும்மா இருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அவர் கை வலிக்கும்வரை எழுதட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடுதலைப் பத்திரத்தை யார் எந்தக் கண்ணீரோடு நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் பேனாவைத் திறக்காதீர்கள். படித்த பிறகு மூடி வைத்துவிடுங்கள்.