‘உனக்கெதுக்கு அரசியல், போய்ப் படி!’

பிள்ளை பெற்றவர்களிடம் இன்று கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் எந்த வீட்டுக்குப் போனாலும் டிவியில் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அப்பா சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, நடுநடுவே யாராவது ஒரு கட்சிக்காரரைத் திட்டுகிறார். அம்மாவும் அடுப்படியிலிருந்தே அதற்குப் பதில் சொல்கிறார். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறது. அது வாயைத் திறந்து, “ஏம்ப்பா, கவர்னர் எதுக்குச் சட்டசபையில இருந்து எழுந்து போனாரு?” என்று கேட்டதும் அதுவரை ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்த இருவரும் ஒரே கட்சியாகிவிடுகிறார்கள். “உனக்கெதுக்கு அதெல்லாம்? பரீட்சைக்கா வரப்போகுது? போய்ப் படி!”

பரீட்சைக்கு வரும். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் ‘மாநில அரசு’ என்று ஒரு பாடமே இருக்கிறது. ஆளுநரின் அதிகாரங்களைப் பிள்ளை வரிவரியாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறது. அதே அதிகாரத்தைப் பற்றிய வழக்கு நம் மாநிலத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆளுநர் கிடப்பில் போட்ட 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி இரண்டு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அதன்பிறகு குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்டார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று நவம்பரில் கருத்துச் சொன்னது. இரண்டையும் எடுத்துச் சொல்லி, “உனக்கு எது சரின்னு படுது?” என்று கேட்டால், பிள்ளை அந்தப் பாடத்தை ஆயுளுக்கும் மறக்காது. நீங்களோ அதை எழுப்பி உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, அதே பாடத்துக்கு டியூஷன் பணம் கட்டுகிறீர்கள்.

அரசியல் சாக்கடை, நம் பிள்ளை அதில் கால் வைக்க வேண்டாம் என்பதுதான் பெரும்பாலானவர்களின் எண்ணம். அக்கறையில்தான் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து அரசியலுக்குள்தான் இருக்கிறது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் வந்த மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் அரசியல் முடிவுகள். உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்காவிட்டாலும், அது போகிற பேருந்தும் குடிக்கிற தண்ணீரும், நாளை மருத்துவம் படிக்க விரும்பினால் எழுத வேண்டிய நீட் தேர்வும் யாரோ எங்கோ உட்கார்ந்து எடுத்த முடிவுகள்தாம். அந்த முடிவுகளை எடுப்பவர் யார், அவரை அங்கே அனுப்பியவர் யார் என்று பிள்ளை கேட்கிறது. அந்தக் கேள்விக்குத்தான் நாம் வாய்ப்பூட்டுப் போடுகிறோம்.

பூட்டினால் பிள்ளை சும்மா இருந்துவிடுமா? கையில் ஃபோன் இருக்கிறது. வீட்டில் பதில் கிடைக்காத கேள்விக்கு ரீல்ஸில் முப்பது விநாடியில் பதில் கிடைக்கிறது. பின்னணி இசையோடு, யாரை வெறுக்க வேண்டும் என்ற தெளிவான குறிப்போடு கிடைக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. எங்கோ எப்போதோ நடந்த அடிதடிகளை எடுத்து இங்கே நடந்ததாக ஒட்டியிருந்தார்கள். அவை பொய் என்று காவல்துறை சொல்லி முடிப்பதற்குள் பல தொழிலாளர்கள் பயந்து ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். அந்த வீடியோக்களில் ஒன்றாவது உங்கள் பிள்ளையின் ஃபோனுக்கு வந்ததா? வந்திருந்தால், “இது நிஜமா?” என்று உங்களிடம் வந்து கேட்கும் பழக்கம் அதற்கு இருந்ததா?

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. வதந்தியைப் பரப்புவதில் பெற்றோருக்கு எந்தப் பிள்ளையும் ஈடில்லை. 2018-ல் குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடும்பக் குழு, பள்ளி வேன் குழு, அபார்ட்மென்ட் குழு என்று எங்கும் அதே பேச்சு. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற அம்மா அப்பாக்கள். அந்த மே மாதம், கோயிலுக்குப் போக சென்னையிலிருந்து உறவினர்களோடு காரில் வந்த 65 வயது மூதாட்டி ஒருவர், போளூர் அருகே அத்திமூரில் வழி கேட்க இறங்கினார். அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். கடத்தல்காரி என்று ஊரே திரண்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். கூட வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். பேரன் பேத்தி வயதுக் குழந்தைகளைப் பார்த்ததும் பையில் இருந்ததை எடுத்துக் கொடுக்கிற பாட்டி நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார். இப்படி நாடெங்கும் உயிர்கள் போன பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்து நாம் தள்ளிவிட்ட செய்தி அது. எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது, எந்தப் பத்திரிகை போட்டிருக்கிறது என்ற மூன்று கேள்விகளை நாம் கேட்டிருந்தால் நம்மைப் பார்த்துப் பிள்ளையும் கேட்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் பலருக்குப் பிடிக்காது.

தேர்தலுக்கு முந்தைய இரவுகளில் எங்கள் தெருவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கையில் வாக்காளர் பட்டியலோடு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் டார்ச் அடிக்க, இன்னொருவர் பேனாவால் டிக் போடுகிறார். “வீட்டுல எத்தனை ஓட்டு?” என்று கேட்கிறார்கள். வாசலுக்கு முதலில் ஓடி வருவது சின்னப் பிள்ளைதான். அது விரல் விட்டு எண்ணுகிறது: “அப்பா, அம்மா, தாத்தா, அக்கா... நாலு.” நாலுக்கு உண்டான கவர் வருகிறது. அம்மா அதை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகுகிறார். மறுநாள் காலை அதே வீட்டில், “எல்லாரும் திருட்டுப் பசங்க” என்று பேச்சு நடக்கிறது. அந்தச் சின்னப் பிள்ளை இரண்டையும் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

வறுமையில் வாங்குபவர்களை நான் இங்கே பேசவில்லை. அவர்களுக்கு அன்றாடக் கூலி போகும் நாளில் அந்தப் பணத்தின் கணக்கு வேறு. மாதச் சம்பளம், சொந்த வீடு, வாசலில் கார் என்று இருந்தும், “எல்லாரும் வாங்குறாங்க, நாம மட்டும் ஏன் விடணும்?” என்று வாங்குகிறவர்களிடம்தான் பேசுகிறேன். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம் என்றால் வாங்குவதும் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான். இந்தப் பண விநியோகத்தால் 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் தள்ளிப்போனது. 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதிக்கே அது நடந்தது. நாடே நம்மைப் பார்த்து முகம் சுளித்த சங்கதிகள் இவை. பிள்ளையைக் கூப்பிட்டு, “இவங்க எதுக்காகப் பணம் கொடுக்குறாங்க தெரியுமா?” என்று வாசலிலேயே விளக்கிவிட்டுக் கவரைத் திருப்பிக் கொடுங்கள். பத்து வருஷத்துக் குடிமையியல் வகுப்பு சொல்லித்தராததை அது அந்த ஒரு நிமிஷத்தில் கற்றுக்கொள்ளும்.

பேசினால் சண்டை வரும் என்கிறீர்கள். வரட்டும். அப்பா ஒரு கட்சி, பிள்ளைக்கு வேறொரு தலைவரைப் பிடிக்கிறது என்றால் வீடு இடிந்துவிடாது. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண், புதிதாகக் கட்சி தொடங்கிய நடிகரைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறாள் என்றால் எள்ளி நகையாடாதீர்கள். அவர் என்ன செய்வதாகச் சொல்கிறார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். உங்கள் கட்சியைப் பற்றி அவள் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம். சாதியைச் சொல்லி, மதத்தைச் சொல்லி, “நம்மாளுக்குத்தான் போடணும்” என்று பேச்சை முடிக்காதீர்கள். வீட்டில் சாதாரணமாகச் சொல்லப்படும் அந்த ஒரு வரியைத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கைக்கயிறாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனின் வீடு புகுந்து, அவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சாதியை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுக்குள்ளேயே விசாரிக்க வேண்டும்.

டெல்லியும் கோட்டையும் தூரம் என்றால் பக்கத்திலேயே தொடங்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாட்கள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நான்கு அரசு விடுமுறை நாட்கள், பிள்ளை வீட்டில்தான் இருக்கும். கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள். யார் எழுந்து கேட்கிறார்கள், தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள், படிக்காமலே யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று அது பார்க்கட்டும். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். அந்தக் கூட்டத்துக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று வாசலில் நின்று புலம்புகிறோம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு கொடுத்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். தெரு முனையில் பாதியில் நிற்கிற வடிகாலைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். பொதுத் தேர்வுக்குப் பிறகு எழுதினாலும் போதும்.

நம் நாட்டில் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18 ஆக்கியது 61-வது அரசியல் சட்டத் திருத்தம். அது 1989-ல் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சித் தேர்தலில் 21 வயதிலேயே நிற்கலாம். சென்னை மாநகராட்சிக்கு 2022-ல் மேயராக வந்த பிரியாவுக்கு அப்போது 28 வயது. இன்று நீங்கள் ‘போய்ப் படி’ என்று விரட்டுகிற பத்தாம் வகுப்புப் பிள்ளை மூன்றே ஆண்டுகளில் வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும். அதற்குள் அதற்கு எதைப் பழக்கியிருக்கிறோம்?

உங்கள் வீட்டில் 17 வயது முடிந்த பிள்ளை இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே படிவம் 6-ஐ நிரப்பச் சொல்லுங்கள். 18 ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள்தாம் தகுதி நாட்கள். 18 நிறைந்த பிறகு வருகிற தகுதி நாளை வைத்துப் பட்டியலில் பெயர் சேர்ப்பார்கள். வயதுச் சான்றையும் முகவரிச் சான்றையும் எடுத்துக் கொடுங்கள். படிவத்தை அதுவே நிரப்பட்டும், கையெழுத்தும் அதுவே போடட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், சந்தேகம் கேட்டால் சொல்லுங்கள். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.