குப்புற, மல்லாந்து, ஒருக்களித்து

நம் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடந்து களைத்தோரைப் பாருங்கள். ஒருவர் சம்மணமிட்டிருப்பார், ஒருவர் குத்துக்காலிட்டிருப்பார், ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருப்பார். உடல் கொள்ளும் நிலைகளுக்குத் தமிழில் தனிச்சொற்கள் உண்டு.

குப்புறப் படுப்பதை அன்றாட ஆங்கிலம் 'முகம் கீழாக' என்கிறது. ஸ்பானிய மொழியோ 'போகா அபாஹோ', அதாவது 'வாய் கீழாக' என்கிறது. மல்லாந்தால் ஆங்கிலத்தில் 'முதுகின்மேல்'. ஸ்பானியத்தில் 'வாய் மேலாக'. அவர்களுக்கு உறுப்பைச் சுட்ட வேண்டியிருக்கிறது. நமக்கு ஒரு சொல்லே போதும்.

இது வெறும் மொழிப்பெருமை அன்று. 2021 இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, ஆக்சிஜன் குறைந்தோர் குப்புறப் படுக்கலாம் என்று நடுவண் நலவாழ்வு அமைச்சகம் அறிவுறுத்தியது. அது 'ப்ரோனிங்' என்ற லத்தீன் வழிச் சொல்லாகவே எங்கும் பரவியது. 'குப்புறப் படுங்கள்' என்றால் எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அக்கணமே விளங்குமே! மூச்சுத்திணறும் வேளையில் அகராதியைப் புரட்ட முடியுமா?

நாற்காலி வந்தபின் தரையில் அமரும் வழக்கம் குறைகிறது. அதற்குரிய சொற்களும் குறையும். ஆகவே நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது இச்சொற்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுப்போம். தமிழில் மருத்துவம் பேச அவை உதவும்.