மௌனம் கடன் கிடைக்குமா?

சென்ற மாதம் ஒரு நாள் காலை 11 மணி சுமாருக்கு நமது வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்து பார்த்தால், அடுத்த வீட்டுப் பெண் நின்றுகொண்டிருந்தாள். இந்த வருஷந்தான் என்ஜினீயரிங் பரீட்சையில் தேறியவள். ஒரு கையில் லாப்டாப். மற்றொரு கையில் அதன் சார்ஜர். முகத்திலே பரீட்சை மண்டபத்து வாசலில் நிற்பவர்களுக்கு உரிய கலக்கம்.

"மாமா! உங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் சத்தமில்லாத இடம் கிடைக்குமா? பதினொன்றரைக்கு எனக்கு இன்டர்வியூ. எங்கள் வீட்டில் அக்கா குழந்தை அழுகையை நிறுத்தமாட்டேன் என்கிறது" என்றாள்.

அண்டை வீட்டார் நம்மிடம் காப்பிப் பொடி கடன் கேட்டதுண்டு, ஏணி கேட்டதுண்டு. மௌனத்தைக் கடன் கேட்டவள் இவள் ஒருத்திதான். கொடுப்பதற்கு அந்தச் சரக்கு நம்மிடம் இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். கூடத்தில் டெலிவிஷன் அலறிக்கொண்டிருந்தது. சமையலறையில் குக்கர் மூன்றாவது விசிலுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. கொல்லைப் பக்கத்து அறைக்கு எதிரே, புதிதாக எழும்பும் கட்டடத்தில் டைல்ஸ் அறுக்கும் யந்திரம் தன் திருப்பணியைச் செய்துகொண்டிருந்தது. டெலிவிஷனை அணைத்தோம், அடுப்பையும் அணைத்தோம். மெத்தை தலையணைகள் அடுக்கியிருந்த சின்ன அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தோம்.

பேட்டி ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். பழைய இரும்பு வாங்குகிற வண்டி ஒலிபெருக்கியுடன் நமது தெருவுக்குள் பிரவேசித்தது. அது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, நிதானமாகப் போயிற்று.

வெளியே வந்த பெண் சொன்னாள்: "ஒரே கேள்வியை மூன்று தடவை திருப்பிக் கேட்டேன், மாமா. எனக்குப் பாடமே தெரியாது என்று அவர் நினைத்திருப்பார்." பத்து நாள் கழித்து, தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று பதில் வந்தது. காரணம் எழுதவில்லை. எழுதும் வழக்கமும் இல்லை.

இரும்பு வண்டிதான் அவளுடைய உத்தியோகத்தைக் கெடுத்தது என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் அவள் பயந்ததில் நியாயம் உண்டு. 2025-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலையின் மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மனிதர் பேசிய ஒரே வார்த்தைகளை, நல்ல மைக்கில் பேசினாற்போலத் தெளிவாகவும், மட்டமான மைக்கில் பேசினாற்போலத் தகர ஓசையுடனும் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டிலும் சொற்கள் நன்றாகவே விளங்கின. அப்படியிருந்தும் தகரக் குரலைக் கேட்டவர்கள், அந்த மனிதருக்குப் புத்தி மட்டு என்றும், வேலைக்கு அவ்வளவாக லாயக்கில்லாதவர் என்றும் மதிப்பிட்டார்கள். யந்திரத்தின் குறை மனிதனின் குறையாகி விட்டது! வெறும் மைக்குக்கே இந்தக் கதியென்றால், தெருவின் இரைச்சல் முழுவதையும் தோளில் சுமந்துகொண்டு பேசுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது?

முன்னெல்லாம் பேட்டி என்றால் ரயிலேறிப் போக வேண்டும். சத்திரத்திலோ உறவினர் வீட்டிலோ தங்கி, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி வாசலில் காத்திருக்க வேண்டும். சிரமந்தான், செலவுதான். ஆனால் உள்ளே அழைத்ததும் கதவைச் சாத்துவார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே கிடைத்த மௌனம் ஒன்றே. 2020-ல் கொரோனா வந்த பிறகு பேட்டிகள் பெருவாரியாகக் கம்ப்யூட்டர் திரைக்கு மாறின. நோய் தணிந்த பிறகும் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. புதுக்கோட்டையிலுள்ள பெண் பெங்களூருக்குப் போகாமலே பேட்டி கொடுக்கலாம் என்பது பெரிய அனுகூலம்; அதை நாம் குறை கூறவில்லை. ரயில் கட்டணம் மிச்சமாயிற்று. ஆனால் கதவு சாத்திய அந்த அறையை இப்போது யார் கொடுப்பது? கம்பெனியின் பொறுப்பாயிருந்தது, சத்தமில்லாமல் அபேட்சகர் தலைக்கு வந்து சேர்ந்தது.

ஆளுக்கு ஓர் அறை உள்ள வீடுகளில் இது ஒரு பிரச்னையே அல்ல. ஆறு பேர் இரண்டு அறைகளில் குடியிருக்கும் வீட்டில்தான் சங்கடம். அங்குள்ள பிள்ளைகள் நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து பேட்டி கொடுக்கிறார்கள். கார் இரவலாகக் கிடைத்தால்! சிலர் மொட்டை மாடிக்குப் போகிறார்கள். அங்கே காற்று மைக்கில் சீறுகிறது, வெயிலில் திரை தெரிவதில்லை. காப்பிக் கடையில் சங்கீதம் ஓய்வதில்லை. மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் காரியாலய அறைகள் பெரிய நகரங்களில் உண்டு. சம்பாதிக்கத் தொடங்காதவன் வாடகைக்கு எங்கே போவான்?

சட்டம் இருக்கிறதே என்று நேயர்கள் கேட்கலாம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகல் வேளைச் சத்தம் 55 டெசிபலுக்கு மேற்படக் கூடாது. இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே ஏறக்குறைய 60 டெசிபல். ஆகையால் நமது தெருக்களில் இந்த விதி எவ்வளவு தூரம் அநுஷ்டிக்கப்படுகிறது என்பதை அவரவர் ஜன்னலைத் திறந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஊரில் மௌனம் காக்கப்படும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் பொது நூலகம். ஆனால் அங்கே ஒரு வேடிக்கை. மௌனம் உண்டு; வாய் திறக்கத்தான் கூடாது! பேச அநுமதியுள்ள இடங்களிலோ மௌனம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதற்கு வேண்டியது ஒரு சின்ன அறையும் ஒரு கதவுந்தான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல பொது நூலகங்களில் இத்தகைய சிற்றறைகளை முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டு உபயோகிக்கிறார்கள்.

நமக்கு இது புதிதாகக் கற்க வேண்டிய வித்தையல்ல. தேசம் சுதந்திரமடைந்த மறு வருஷமே, 1948-ல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றிற்று. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டம் அதுவே முதலாவது. அதற்காக அரும்பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். நூலக இயலுக்கு 1931-ல் ஐந்து விதிகளை வகுத்தவர் அவர். காலத்துக்குத் தக்கபடி நூலகம் வளர வேண்டும் என்பதும் அவற்றில் அடங்கும். அந்தச் சட்டத்தின்படி நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். 2010-ல் சென்னைக் கோட்டூர்புரத்திலும் 2023-ல் மதுரையிலும் மாளிகை போன்ற நூலகங்கள் எழும்பின. சந்தோஷமே. ஆனால் வேலை தேடுகிறவர்களுக்கு வேண்டியது நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை. கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு பிளக் பாயிண்ட், பெயர் பதிய ஒரு நோட்டுப் புத்தகம் இவ்வளவு போதும். சர்க்காருக்கு இது பெருஞ் செலவாகாது.

அதுவரையில் சும்மா இருக்க வேண்டுமா? ஆடியிலும் மார்கழியிலும் நமது கலியாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. பள்ளிக்கூட அறைகள் மாலை 5 மணிக்கு மேல் காலி. ஊர்ச் சங்கங்களின் கட்டடங்களில் பகல் முழுதும் நாற்காலிகள்தான் கூட்டம் நடத்துகின்றன. சாவி வைத்திருப்பவர்கள் மனம் வைத்தால் நாளைக்கே ஓர் அறை திறக்கும்.

வீட்டிலேயே பேச வேண்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய கூடத்தை விட, துணிமணியும் மெத்தையும் நிறைந்த சிறிய அறை மேல். துணி எதிரொலியை விழுங்கிவிடும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் சுமார் 6 டெசிபல் ஓங்கும். ஆகையால் மேஜைமேல் இருக்கும் லாப்டாப்பின் மைக்கை விட, வாயருகே மைக் உள்ள ஹெட்போன் உத்தமம். மின்விசிறியின் ஒரே சீரான ஓசையைக் கம்ப்யூட்டர் ஓரளவு வடிகட்டிவிடும். குக்கர் விசில் திடீரென்று வருவதால் தப்பித்துக்கொள்ளும். தெருச் சத்தம் வந்தால் வெட்கப்படாமல், "வெளியே இரைச்சல், ஒரு நிமிஷம் பொறுங்கள்" என்று சொல்லிவிடுவது, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதை விட நல்லது.

அடுத்த புதன்கிழமை அந்தப் பெண்ணுக்கு மற்றொரு பேட்டி இருக்கிறதாம். சின்ன அறை அவளுக்காகக் காலி செய்யப்பட்டிருக்கிறது. அன்று 11 மணிக்குள் சமையல் முடிந்துவிட வேண்டும் என்று நமது வீட்டில் உத்தரவு பிறந்திருக்கிறது. இரும்பு வண்டிக்காரரையும் பார்த்துப் பேசினோம். விஷயத்தைக் கேட்டதும், "அதற்கென்ன ஐயா! எனக்கும் காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். புதன்கிழமை பக்கத்துத் தெருவோடு போய்விடுகிறேன்" என்றார்.