படத்துக்கு மட்டும் பிறந்த ஊரா?

ஆஸ்திரியா நாட்டில், டாக்ஸ்டைன் மலைகளின் அடியில், ஏரிக்கரையை ஒட்டி ஹால்ஸ்டாட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 750தான். ஆனால் சீசனில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வந்து குவிகிறார்கள்! வீட்டுக்கு ஆள் ஒன்றுக்குப் பதின்மூன்று விருந்தாளிகள் என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்?

இது நேற்று முளைத்த ஊர் அல்ல. இங்கே உப்பு வெட்டும் தொழிலுக்கு 7000 ஆண்டு வரலாறு உண்டு. ஐரோப்பாவின் தொடக்க இரும்புக்காலப் பண்பாட்டுக்கே இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1997ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. 2012ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இதே ஊரை நகலெடுத்துக் கட்டியேவிட்டார்கள். புகழுக்குக் குறைவில்லை. குறைவது இடம்தான்.

மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு சிறு துண்டு நிலம், அவ்வளவே. கல்லறைக்குக்கூட இடம் போதாமல், பழைய எலும்புகளைத் தோண்டி எடுத்துப் புதிதாக இறந்தவர்களுக்கு வழிவிட்டார்கள். அப்படி எடுத்து, பெயரெழுதிப் பூ வரைந்து வைத்த மண்டையோடுகள் 600க்கும் மேல் இன்றும் அங்கே இருக்கின்றன. செத்தவர்களே இடம் விட்டுக்கொடுத்த ஊரில், செல்ஃபி எடுப்பவர்களால் வாசற்படியை விட்டு நகர முடியவில்லை!

2023 மே மாதம் ஏரியை மறைத்து மரவேலி போட்டார்கள். இணையத்தில் கண்டனம் கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அதே ஆகஸ்டில் ஊர்மக்கள் சாலையை மறித்தார்கள். வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வேண்டும், மாலை 5 மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்து கூடாது என்பவை அவர்கள் கேட்டவை.

"சுற்றுலாவால்தானே சாப்பிடுகிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், வருமானம் வருகிறது. ஆனால் ஓட்டலில் பில் கட்டியவர் சமையற்கட்டுக்குள் படுத்துக்கொள்ள முடியுமா? பேருந்துகள் முன்பதிவு செய்துதான் வர வேண்டும் என்ற விதி 2020லேயே வந்துவிட்டது. அது போதவில்லை என்பதைத்தான் அந்த மறியல் சொல்கிறது. ஆகவே ஊர்மக்கள் கேட்கும் உச்சவரம்பு நியாயமானதே.

இரண்டு மணி நேரம் படம் பிடித்துப் போகும் பத்துப் பேரைவிட, ஓர் இரவு தங்கி, ஊர்க்காரர் கடையில் சாப்பிட்டு, மெதுவாகப் பேசிப் போகும் ஒருவர் மேல். ஊர்க்காரர்கள் குடிபெயர்ந்துவிட்டால் அங்கே மிஞ்சுவது இன்னொரு நகல்தான். அதைப் பார்க்கச் சீனாவுக்கே போகலாமே!