கூகுள் மேப்பில் ஊரும் சேரியும்

தொழில்நுட்பத்துக்குச் சாதி தெரியாது என்று மேடைதோறும் பேசுகிறவர்கள், ஒரு மாதம் கிராமத்துக் கடைகளைக் கூகுள் மேப்பில் ஏற்றிக் கொடுக்கும் வேலையைச் செய்து பார்க்கட்டும். கடையின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் கருத்து என்று அந்தப் படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒவ்வொரு கட்டத்திலும் சாதி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார்கள். ஒரு சாரார் அதை எழுதச் சொல்கிறார்கள். இன்னொரு சாரார் அதை மறைக்கச் சொல்கிறார்கள். எழுதுவதற்கும் வசதி இருக்கிறது, மறைப்பதற்கும் வசதி இருக்கிறது. எழுதாமலும் மறைக்காமலும் கடை நடத்தத்தான் வழியில்லை.

நான் முனைவர் பட்ட ஆய்வாளர். உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் இழுத்தடிக்கப்படும் ஆய்வு மாணவர்கள் எல்லோரையும் போல நானும் ஒரு பக்க வேலை பார்க்கிறேன். தென்னேரி, வாலாஜாபாத், சுங்குவார்சத்திரம் வட்டாரத்துச் சிறு கடைகளின் கூகுள் பக்கங்களைப் பராமரிப்பதுதான் அந்த வேலை. கடையை மேப்பில் ஏற்றுவது, போன் நம்பரும் திறக்கும் நேரமும் போடுவது, போட்டோ மாற்றுவது, வருகிற ரிவ்யூக்களுக்குக் கடைக்காரர் சார்பில் பதில் எழுதுவது. மாதம் சில நூறு ரூபாய். தமிழ்நாடு முழுக்க இந்த வேலையைச் செய்யும் இளைஞர்கள் ஏராளம்.

எங்கள் பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்திருக்கும் வெளி மாவட்டத்து, வெளி மாநிலத்து ஆட்கள் யாரிடமும் வழி கேட்பதில்லை. பஞ்சர் கடையா, மதியச் சாப்பாடா, சட்டை தைக்க வேண்டுமா, போனைத்தான் எடுக்கிறார்கள். அவர்களுக்கு எது ஊர்த் தெரு, எது காலனித் தெரு என்று தெரியாது. சொல்லப்போனால் இது தலித் கடைக்காரர்களுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. உள்ளூர்க்காரன் கால் வைக்காத தெருவுக்கு வெளியூர்க்காரனை மேப் கூட்டிவர முடியும். அந்த வாய்ப்பு கண்ணெதிரே எப்படி அடைக்கப்படுகிறது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் பெயர். கூகுளின் விதிப்படி, கடை போர்டில் உள்ள பெயர்தான் மேப்பிலும் இருக்க வேண்டும். ‘வாலாஜாபாத்தில் சிறந்த’, ‘மலிவு விலை’ என்று ஒட்டவைத்தால் விதிமீறல்; பக்கமே முடங்கலாம். ஆனால் போர்டிலேயே சாதிப் பெயர் இருந்தால்? அது விதிமீறல் ஆகாது. எனவே இந்தத் தொழிலில் இருக்கும் சிலர் கடைக்காரருக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள்: “போர்டையே மாத்திடுங்க சார். அய்யர் மெஸ்னு வெச்சா சர்ச்ல மேல வரும்.” அய்யரே இல்லாத மெஸ்ஸுக்கும் அய்யர் பெயர் விற்கிறது. தூய்மை என்றால் பார்ப்பான், சுவை என்றால் பார்ப்பான் என்று நூற்றாண்டுகளாக ஏற்றிவைத்த பொய், இன்று தேடுசொல்லாகிக் காசு பார்க்கிறது.

இந்தப் போர்டு விவகாரம் நமக்குப் புதிதல்ல. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே போர்டில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் அறிவித்தார். தொண்டர்கள் நாள்தோறும் போனார்கள், கைதானார்கள், மறுநாள் வேறு தொண்டர்கள் போனார்கள். மாதக்கணக்கில் நடந்த அந்தப் போராட்டத்தின் முடிவில் அந்தச் சொல் இறங்கியது. 2012இல் ஸ்ரீரங்கத்தில் அதே சொல் மறுபடி போர்டு ஏறியபோதும் எதிர்ப்பு கிளம்பியது. 2024 மார்ச்சில் சொமாட்டோ நிறுவனம் ‘தூய சைவ’ உணவுக்கென்று பச்சைச் சட்டை போட்ட தனி ஆட்களை அறிவித்தது; எழுந்த கண்டனத்தில் மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது. தெருவில் தொங்கும் போர்டு கண்ணில் படுகிறது, நாம் கேள்வி கேட்கிறோம். கைப்பேசிக்குள் தொங்கும் போர்டை யார் கேட்பது?

அடுத்தது முகவரி. இங்கேதான் வயிறு எரிகிறது. காலனியில் கடை வைத்திருக்கும் டூவீலர் மெக்கானிக் ஒருவர். கை ராசிக்காரர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, அட்ரஸ்ல காலனின்னு வர்றத மட்டும் எடுத்துடுப்பா. பஸ் ஸ்டாப் எதிரிலன்னு போட்டுக்கோ.” கடை பஸ் ஸ்டாப் எதிரில் இல்லை, மேப் ஒத்துக்கொள்ளாது என்றேன். “அப்ப வுட்டுடு, எவனும் வரமாட்டான்” என்றார். டிபன் செய்து கம்பெனி ஆட்களுக்குக் கொடுக்கும் ஒரு அக்காவுக்கு வேறு வழி கிடைத்தது. வாடிக்கையாளர் இடத்துக்கே போய்ச் சேவை செய்கிறவர்கள் தங்கள் முகவரியை மறைத்துக்கொள்ளலாம் என்று கூகுளில் ஒரு வசதி உண்டு. பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ஏற்பட்ட வசதி அது. “நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன், எங்க சமைக்கிறேன்னு மட்டும் தெரிய வேணாம்” என்று அந்த அக்கா சொன்னபோது, அது சேரிக்காரர்களுக்கு எதற்குப் பயன்படுகிறது என்பது விளங்கியது.

மெஸ்காரர் தன்னிடம் இல்லாத சாதியைக் கடன் வாங்கி எழுதுகிறார். இந்த அக்கா தன் அடுப்பு இருக்கும் தெருவை மறைக்கிறார். இரண்டு பேரும் தட்டுவது ஒரே செயலியைத்தான். இதைச் சாதி தெரியாத தொழில்நுட்பம் என்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள்?

மூன்றாவது, வரிசை. பக்கத்துக் கடைகளைத் தேடினால் எந்தக் கடை முதலில் வரும்? தேடலுக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றும் முக்கியமாகப் பார்க்கப்படும் என்று கூகுளே சொல்கிறது. ரிவ்யூக்களின் எண்ணிக்கையும் நட்சத்திரமும் பிரபலத்தில் சேரும். இனி யோசித்துப் பாருங்கள். காலனிக் கடைக்கு ஊர்க்காரர் வருவதில்லை. வராதவர் ரிவ்யூ போடுவதில்லை. ரிவ்யூ இல்லாத கடை கீழே போகிறது. கீழே போன கடை வெளியூர்க்காரர் கண்ணிலும் படுவதில்லை. உள்ளூர்க்காரனின் தீண்டாமை இப்படியே எண்ணாக மாறி, தீண்டாமையே தெரியாதவனையும் கட்டுப்படுத்துகிறது. தப்பித் தவறி வருகிற ஒருவர் “சாப்பாடு ஓகே, ஏரியா சரியில்லை” என்று இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார். புகார் செய்யலாம் என்றால் அதில் சாதி வசவு எதுவும் இல்லை. ‘ஏரியா’ என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்று எந்த இயந்திரத்துக்கு நான் விளக்குவது?

நான்காவது, சரிபார்ப்பு. கடை உண்மையானதுதான் என்று நிரூபிக்க, தெருவையும் போர்டையும் உள்ளிருக்கும் பொருட்களையும் வீடியோ எடுத்துக் காட்ட வேண்டும். உரிமம், மின்கட்டண ரசீது போன்ற ஆதாரமும் கேட்கப்படலாம். மோசடிக் கடைகளைத் தடுக்க இது தேவைதான். ஆனால் ஆதாரம் கேட்கும்போது, அது யாரிடம் இருக்கும், யாரிடம் இருக்காது என்பதற்கு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு எங்கள் மண்ணிலேயே இருக்கிறது.

ஜனநாயகத்தின் தொட்டில் என்று பிரதமர் வரை புகழும் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு, 10ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்தது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடத் தகுதி என்ன? வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வரை வயது. அது பார்ப்பனர்களின் சதுர்வேதிமங்கலம். உழுதவன் பெயர் அந்த ஓலைக்கு வரவே முடியாது. பட்டியலில் பெயர் ஏற மனையும் நிலமும் கேட்பது அன்றே தொடங்கிவிட்டது. பிறகு 1891இல், காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதாரர் நினைத்தால் கிளப்பிவிடலாம் என்ற நிலையை அது அரசின் முன் வைத்தது. அதன் விளைவாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த கதை. முகவரியே மறுக்கப்பட்ட மக்களிடம் முகவரிக்கு ஆதாரம் கேட்கும் இடத்தில் வந்து நிற்கிறோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. ‘காலனி’ என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தெருக்கள், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்ற அக்டோபரில் அரசாணை வந்தது. வரவேற்கிறோம். ஆனால் அரசாணை வந்ததும் மேப்பில் பெயர் தானாக மாறிவிடாது. யாராவது மாற்றிக் கேட்க வேண்டும். அதுவரை கெஜட்டில் போன காலனி கைப்பேசியில் இருக்கும். பெயர் மாறினாலும் கதை முடிவதில்லை. ‘அம்பேத்கர் நகர்’ என்று போட்டாலே அது எந்தத் தெரு என்று உள்ளூர்ச் சாதிவெறியனுக்குத் தெரியும். சொல்லை மாற்றுவது முதல் படி மட்டுமே.

கூகுளுக்கு இதெல்லாம் தெரியாதா? 2020 ஜூலையில், அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்தும் கடைகளை அடையாளம் காட்ட ஒரு குறியீட்டைக் கூகுள் அறிமுகம் செய்தது. ஆதரிக்க விரும்புகிறவர்கள் தேடிப்போய் வாங்கட்டும் என்பதற்காக. சமூக ஏற்றத்தாழ்வு கடைத்தெருவில் வேலை செய்யும் என்று அந்த நிறுவனத்துக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே நிறுவனம் 2022 ஏப்ரலில், ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜன் தன் ஊழியர்களிடையே சாதி குறித்துப் பேசவிருந்த நிகழ்ச்சியை, ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பைக் காரணம் காட்டி ரத்து செய்தது. அவரை அழைத்த மேலாளர் தனுஜா குப்தா பதவி விலகினார். நிறவெறியைப் பற்றிப் பேசத் தெரிந்த வாய், சாதி என்றதும் மூடிக்கொண்டது.

‘தலித் நடத்தும் கடை’ என்று இங்கேயும் ஒரு குறியீடு கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? கொடுத்துப் பாருங்கள். என் கடைக்காரர்களில் ஒருவர்கூட அதைத் தொடமாட்டார். அங்கே அந்தக் குறியீடு வாடிக்கையாளரைக் கூட்டிவரலாம் என்று நம்ப இடமிருக்கிறது. இங்கே இருக்கிறவரையும் விரட்டிவிடும். இதைவிட நம் சமூகத்துக்கு வேறு என்ன கேவலம் வேண்டும்?

“மக்கள் தேடுகிறார்கள், கடைக்காரர் வைக்கிறார், வியாபாரத்தில் என்ன சாதி?” என்று கேட்பவர்கள் உண்டு. 2005ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள், மக்கள்தொகையில் 16 விழுக்காட்டுக்கும் மேல் இருந்த பட்டியல் சாதியினர் கையில் 9.8 விழுக்காட்டு நிறுவனங்களே இருந்ததாகக் கண்டார்கள். வியாபாரத்தில் சாதி இல்லையென்றால் மிச்சம் எங்கே போனது?

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. ஒடுக்கப்பட்ட சில சாதிகள் வணிகத்தில் முன்னேறியபோது தங்கள் சாதிப் பெயரைப் போர்டில் எழுதியதே சுயமரியாதைதானே, நாடார் கடைகளைப் பாருங்கள் என்கிறார்கள். அந்த வரலாற்றை மதிக்கிறேன். அதே மதிப்போடு ஒன்றை நினைவூட்டுகிறேன். 1929 பிப்ரவரியில் எங்கள் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடுதான் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், நாடார் சமூகத்தில் பிறந்தவர். ஏறி வந்த பிறகு ஏணியை மற்றவர்களுக்கும் விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எனவே மூன்று கோரிக்கைகள். கூகுளுக்கு: பெயரில் ‘சிறந்த’ என்ற சொல்லைச் சேர்த்தால் நீக்கத் தெரிந்த உங்களுக்கு, ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கவும் தெரியும். உங்களுடைய யூடியூபின் வெறுப்புப் பேச்சு விதிகளில் சாதி இடம்பெற்றிருக்கிறது. கடைப் பெயருக்கும் ரிவ்யூவுக்கும் அதே அளவுகோலைக் கொண்டுவந்து, தமிழும் ஊரும் தெரிந்த ஆட்களை வைத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசுக்கு: மாற்றிய தெருப் பெயர்களை மேப்பில் மாற்றவைப்பதும் உங்கள் பொறுப்பு. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் கொடுக்கிறீர்கள். முதலோடு வாடிக்கையாளரும் வேண்டாமா? அரசு விடுதிகளும் அலுவலகங்களும் உணவையும் பழுதுபார்ப்பையும் காலனிக் கடைகளில் வாங்கட்டும்.

மூன்றாவது, என்னைப் போல இந்த வேலையைச் செய்யும் தோழர்களுக்கு. சாதிப் பெயரைத் தேடுசொல்லாக விற்காதீர்கள். கேட்டு வருகிறவரிடம் முடியாது என்று சொல்லுங்கள். ஒரு சில நூறு ரூபாய் போகும், போகட்டும். காலனிக் கடைக்கு வேலை செய்யும்போது, கூலி வாங்கியதோடு நிற்காமல் நண்பர்களோடு போய் அங்கே சாப்பிடுங்கள், வண்டியை அங்கே விடுங்கள், உண்மையான ரிவ்யூ எழுதுங்கள். முகவரியை மறைக்கச் சொல்கிறவரிடம் வீரம் பேசாதீர்கள். அவர் பிழைப்பு அது. மறைக்க வேண்டிய நிலையை உண்டாக்கியவர்களிடம் பேசுங்கள்.

1929இல் பெயரின் வாலை வெட்டத் தீர்மானித்தோம். 1957இல் போர்டை இறக்கப் போராட்டத்தில் இறங்கினோம். அந்தப் போர்டு இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் மாட்டப்பட்டிருக்கிறது. அடுத்த மறியல் அங்கேதான்.