ஓடினால்தான் கார்

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் மராட்டியர் படைத்துறை சார்ந்த பன்னிரண்டு கோட்டைகள் இடம்பெற்றன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. அனந்தபுரத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆயினும், மற்றவற்றிலிருந்து இத்தனை தொலைவில் இந்த ஒரு கோட்டை மட்டும் ஏன் தனித்து நிற்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். 1689இல் அவருடைய மூத்த மகன் சம்பாஜி முகலாயரால் கொல்லப்பட்டபின், இளையவரான இராஜாராம் இராய்கட்டிலிருந்து தப்பி, பன்ஹாளா வழியாக, மாறுவேடத்தில் கன்னட நாட்டைக் கடந்து செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். இடையில் கேளடி அரசி சென்னம்மா அவருக்கு அடைக்கலம் தந்தார். பின்னர் முகலாயப் படை செஞ்சியைச் சூழ்ந்தது. ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப் பின், 1698இல்தான் கோட்டை வீழ்ந்தது. செஞ்சியையும் இராய்கட்டையும் இணைப்பது ஒரு நெடும்பயணம்.

அந்தத் தடத்தை ஒட்டி இன்று காரில் போகலாம். செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சத்தாரா, இராய்கட் என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் வழி அது. இதை ஒரு பழைய அம்பாசிடரில் போய்வர வேண்டும் என்னும் பேச்சு நம் நண்பர் வட்டத்தில் அடிக்கடி எழுகிறது. ஏன் பழைய கார் என்று கேட்பவர்களுக்கு நம் விடை இதுதான்: அது நம்மை ஊர்களில் நிறுத்தும். மலையேற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். கார்புரேட்டரில் அடைப்பு என்றால் பட்டறையைத் தேடி ஊருக்குள் நுழைய வேண்டும். புறவழிச்சாலையில் விரையும் புதுக்கார் ஊர்ப்பெயர்களைப் பலகைகளில் மட்டுமே காட்டுகிறது.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. சிட்டியும் தி.ஜானகிராமனும் காவேரியின் தடம் பற்றிக் காரில் சென்று எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ 1971இல் வெளிவந்தது. இன்றும் நாம் அதைத் தேடிப் படிப்பதற்குக் காரணம் அவர்கள் கடந்த தொலைவு அன்று. நின்ற இடங்களும் கேட்ட பேச்சும்தான். இன்று பயணக் கட்டுரைகள் ஏராளமாக வருகின்றன. அவற்றுள் பல புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் மட்டுமே சொல்கின்றன.

பழைய கார்களைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது? 2021இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிகள் தொன்மை வண்டிகளாகப் பதிவு பெறலாம். மரபை மதித்த செயல் என்று இதைப் பாராட்டவே வேண்டும். ஆனால் அவ்வாறு பதிவு பெற்றவை கண்காட்சி, தொன்மைக் கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலைக்கு வரலாம். அணிவகுப்புக்குப் போகலாம், இராய்கட்டுக்குப் போக இடமில்லை. ஐம்பதை எட்டாத பழைய கார்களின் நிலை வேறு. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022இல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ரூபாய் ஆயிற்று. அம்பாசிடரின் உற்பத்தியோ 2014இலேயே நின்றுவிட்டது.

மறுதரப்பின் வாதங்களைத் தள்ளிவிட முடியாது. பழைய எஞ்சின் மிகுதியாகப் புகை கக்கும். அதன் பிரேக்கும் இருக்கை அமைப்பும் இன்றைய நெடுஞ்சாலை வேகத்துக்கு ஏற்றவை அல்ல. ஆகவே தினமும் ஓட்டுவதற்கு நாம் அனுமதி கேட்கவில்லை. தகுதிச் சோதனைக்கும் புகைச் சோதனைக்கும் பின், குறித்த வழியில், குறித்த நாட்களுக்கு, பகற்பொழுதில், வேக வரம்புடன் சென்றுவரப் பயண உரிமம் ஒன்று தரலாம். இத்தகைய வண்டிகள் சிலவே; அவை ஆண்டுக்கு ஒருமுறை நெடுவழி போவதால் பெருந்தீங்கு நேர்ந்துவிடாது.

கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் பழைய கார்களை அருமையாகப் பேணுகிறது. அத்தகைய இடங்கள் இன்னும் பல வேண்டும். ஆனால் காரோடு சேர்ந்து காக்க வேண்டிய கைத்திறன் ஒன்றும் உண்டு. எஞ்சினின் ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்லும் மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. ஓடித் தேய்ந்து பட்டறைக்கு வரும் வண்டி இருந்தால்தான் அவர்களிடம் இளைஞர் ஒருவர் தொழில் கற்க வருவார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் கார் யாருக்கும் அதைக் கற்றுத் தராது.

கோட்டை நின்றாலே போதும். காருக்கு ஓட்டம் வேண்டும். விதிகளைத் திருத்தும் அதிகாரம் உடையவர்கள் இந்த வேறுபாட்டைக் கருத வேண்டும். பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களும் தம் குரலை இதனோடு சேர்க்க வேண்டும் என்பது நம் விழைவு.